நினைவேக்கமும் நிகழ்வழக்கும்: மும்பைத் தமிழர் குறித்த படைப்புகளில் மொழிச் சித்திரிப்பு

1. முன்னுரை

புலம்பெயர்ந்தோர் குறித்த எழுத்துகளில் நினைவேக்கம் நீங்காத இடம் பெற்றுள்ளது. இவ்வுணர்வைக் குறிக்கும் ஐரோப்பியக் கலைச்சொல்லை 1688இல் உருவாக்கியவர் யோகானசு ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் ஆவார். தாய்நாட்டைப் பிரிந்து வாழ்ந்த சுவிசு நாட்டவரிடம் கண்ட ஒரு நோய்க்கே அவர் அப்பெயரை இட்டார். தொடக்கத்தில் அச்சொல் ஓர் இடத்திற்கான ஏக்கத்தையே சுட்டிற்று. கடந்துபோன காலத்திற்கான ஏக்கம் என்னும் பொருள் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. இடத்தைப் பிரிந்தவன் திரும்பிச் செல்லக்கூடும். காலத்தைப் பிரிந்தவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மும்பைத் தமிழரைப் பற்றிய புனைகதைகளிலும் திரைப்படங்களிலும் இவ்விருவகை ஏக்கங்களும் பின்னிக் கிடக்கின்றன. விட்டுவந்த ஊர் ஒன்று. விட்டுப்போன பத்தாண்டுகள் மற்றொன்று. இவ்வேக்கம் படைப்பின் மொழியை எவ்வாறு உருவாக்குகிறது, இன்றைய பேச்சு வழக்கை எங்கெங்கே மறைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நினைவேக்கத்தைக் குற்றமெனக் காட்டுவது இதன் நோக்கமன்று. பழமையைப் போற்றும் படைப்பையும் நிகழ்காலத்தை நோக்கும் படைப்பையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கமான பகுப்பு மும்பைத் தமிழ்ப் படைப்புகளுக்குப் பொருந்துமா என்னும் வினாவே இங்கு முதன்மை பெறுகிறது.

2. மூன்று குடியிருப்புகளும் மூன்று வழக்குகளும்

மும்பைத் தமிழ் எனப் பொதுவாகச் சுட்டப்படுவது ஒரே வழக்கன்று. தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை ஒட்டிக் குடியேறியவர்களுள் திருநெல்வேலிப் பகுதியினர் மிகுதியாவர். அவர்களிடையே நெல்லை வட்டார வழக்கு வீட்டு மொழியாக நிலைபெற்றது. மாதுங்கா 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் திட்டங்களால் உருவான குடியிருப்பு. அங்கு எழுத்தர், கணக்கர், சுருக்கெழுத்தர் முதலிய பணிகளுக்காக வந்த தென்னிந்தியர் குடியேறினர். 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அச்சமூகத்தின் கல்வி நாட்டத்திற்குச் சான்றாகும். பாலக்காட்டுத் தமிழரின் மலையாளம் கலந்த வழக்கும் தஞ்சைப் பகுதி வழக்கும் அங்கே அருகருகே ஒலித்தன. செம்பூரில் மாதுங்காவின் தொடர்ச்சியாக அமைந்த நடுத்தர வகுப்புக் குடியிருப்புகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன.

இம்மூன்று இடங்களுக்குரிய நினைவேக்கங்களும் வேறுபட்டவை. மாதுங்காவின் ஏக்கம் பெரும்பாலும் பொருள்களைச் சுற்றி அமைகிறது. பித்தளை வடிகட்டியில் இறங்கும் காப்பி, வாழையிலை, பூக்கடை, இசையரங்கு ஆகியன அதன் அடையாளங்கள். தாராவியின் ஏக்கமோ மனிதரைச் சுற்றி அமைகிறது. காத்து நின்ற ஒரு தலைவர், ஒன்றுகூடிப் பொங்கலிட்ட தெரு, 1966இல் தோன்றிய சிவசேனையின் தென்னிந்தியர் எதிர்ப்புப் பரப்புரைக்கு முன்னால் பணியாது நின்ற ஓர் அணி என அது விரிகிறது. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளாமல் மும்பைத் தமிழரின் ஏக்கத்தை ஒருமையில் பேசுவது, அவர்களிடையே உள்ள சாதி, வகுப்பு வேற்றுமைகளை மறைப்பதாகும்.

3. நாயகன்: நிகழ்காலம் பழங்காலமான வரலாறு

தாராவி குறித்த தமிழ்ப் பொதுமக்களின் மனச்சித்திரத்தை வேறெந்தப் படைப்பையும் விட வலுவாக உருவாக்கியது மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) எனலாம். மூன்று தேசிய விருதுகளைப் பெற்ற இப்படம், 2005இல் டைம் இதழ் தொகுத்த நூறு சிறந்த திரைப்படங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. வரதராச முதலியாரின் வாழ்வைத் தழுவியது என அறியப்பட்ட இப்படம் வெளிவந்தபோது அவர் உயிருடன் இருந்தார். 1988 சனவரியில் மறைந்தார்.

இச்செய்தி திறனாய்வு நோக்கில் முக்கியமானது. 1987இல் 'நாயகன்' அண்மைக் காலத்தைப் பற்றிய படமாகவே இருந்தது. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் முதியவனாகும் வரையிலான காலத்தை அது விரித்தாலும், அதன் முடிவு படம் பார்த்தவரின் நிகழ்காலத்தைத் தொட்டு நின்றது. அதனை நினைவேக்கப் பொருளாக மாற்றியவர்கள் பின்வந்த பார்வையாளரே. தாராவி என்றவுடன் இன்றும் அப்படத்தின் மழையும் குறுகிய சந்தும் வெள்ளுடையும் நினைவுக்கு வருகின்றன. நிகழ்காலத்தைக் கூர்ந்து நோக்கிய படைப்பே காலப்போக்கில் அடுத்துவரும் நிகழ்காலத்தை மறைக்கும் திரையாக மாறக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மொழியைப் பொறுத்தவரை வேறொரு கூறு நோக்கத்தக்கது. படத்தில் காணும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்ட அரங்கமாகும். அதன் உரையாடலும் அவ்வாறே சென்னையில் அமைக்கப்பட்டது எனக் கூறுவது பொருந்தும். பாலகுமாரன் எழுதிய உரையாடல்கள் செறிவும் சுருக்கமும் கொண்டவை. எனினும் அவை தமிழகம் முழுவதும் விளங்கும் திரைப்படப் பொதுப்பேச்சையே தழுவுகின்றன. தூத்துக்குடியில் பிறந்து மும்பையில் வளர்ந்த ஒருவனது நாவில் நெல்லை வழக்கும் பம்பாய் இந்தியும் கலந்திருக்க வேண்டிய அளவில் கலக்கவில்லை. தமிழகப் பார்வையாளருக்கான படத்தில் இது இயல்பானதே. ஆயினும் தாராவித் தமிழ் என அப்படத்தின் வழியே பரவிய மொழிப்படிமம் தாராவியில் பேசப்பட்டதன்று என்பதை மொழியியலார் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

4. நாஞ்சில் நாடன்: இனிமை நீங்கிய நினைவு

நினைவேக்கத்திற்கும் நினைவுகூர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நாஞ்சில் நாடனின் புதினங்கள் தெளிவாக்குகின்றன. 1970களின் தொடக்கத்தில் வேலைக்காக மும்பை சென்ற அவர் அங்கிருந்தவாறே எழுதிய முதல் புதினமான 'தலைகீழ் விகிதங்கள்' (1977) நாஞ்சில் நாட்டைக் களமாகக் கொண்டது. அதன்பின் இரு புதினங்கள் வெளிவந்த பின்னரே, 1986இல் வந்த 'மிதவை'யில் மும்பை அவர் புனைவில் களமாகிறது. வாழும் நகரம் எழுத்தில் நுழைய ஒன்பது ஆண்டுகள் ஆயின. புலம்பெயர்ந்த எழுத்தாளனிடம் விட்டுவந்த ஊர் முந்திக்கொள்வதையும், நிகழ்கால நகரம் தன் முறைக்காகக் காத்திருப்பதையும் இவ்வரிசை காட்டுகிறது.

எனினும் அவர் நினைவுகூரும் ஊர் ஏக்கத்திற்குரிய ஊராக அமைவதில்லை. பட்டம் பெற்றும் வேலையின்றி வடக்கே செல்லும் 'மிதவை'யின் சண்முகத்திற்கு ஊர் என்பது வறுமையும் உறவினரின் ஏளனமும் ஆகும். 'சதுரங்கக் குதிரை' (1993) திருமணமாகாமல் நடுவயதை எட்டிய ஒருவனை ஊருக்கும் நகருக்கும் இடையே நிறுத்துகிறது. 'எட்டுத்திக்கும் மதயானை' (1998) ஊரை விட்டு ஓடும் இளைஞனைப் பல இடங்களில் அலையவிட்டு மும்பைக்குக் கொணர்கிறது. இம்மூன்றிலும் மொழி நாஞ்சில் வட்டாரச் சொற்களை விடாமல் பற்றி நிற்கிறது. ஆனால் அச்சொற்களால் சுட்டப்படும் வாழ்வின் மீது இனிமைப்பூச்சு இல்லை. பழைய சொல்லைக் காத்தலும் பழைய வாழ்வைப் போற்றலும் ஒன்றல்ல என்பதற்கு இவை சான்றாகின்றன.

இப்புதினங்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. அவற்றின் மாந்தர் பெரும்பாலும் வந்தேறிய முதல் தலைமுறையினர். தனியாக வந்த ஆண்கள். மும்பையிலேயே பிறந்து, விடுமுறைக்கு மட்டும் ஊரைக் காணும் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரின் மொழி அவற்றின் பார்வைக்கு அப்பாற்பட்டதாகவே உள்ளது.

5. அம்பை: மூலமே மொழிபெயர்ப்பாகும் நிலை

மும்பையில் வாழ்ந்து எழுதிவரும் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) இக்குறையை வேறொரு வழியில் நிரப்புகிறது. சுதா குப்தா என்னும் தனியார் துப்பறிவாளரை மையமாகக் கொண்ட இக்கதைகளில் மும்பை பழைய பம்பாயாக எட்டிப் பார்ப்பதில்லை. கைப்பேசியும் மின்வண்டியும் அடுக்குமாடிக் குடியிருப்பும் கதையோட்டத்தின் இயல்பான உறுப்புகளாக வருகின்றன. புதுமையைக் காட்டும் அணிகலன்களாக அவை வருவதில்லை என்பதே இங்குப் பாராட்டத்தக்கது. தொழில்நுட்பத்தைக் குறிப்பிடுவதால் மட்டும் ஒரு படைப்பு நிகழ்காலத்தன்மை பெறாது. அதனைக் குறிப்பிட வேண்டிய தேவையே தோன்றாத அளவுக்கு வாழ்வோடு இயைந்ததாகக் காட்டும்போதே பெறுகிறது.

மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்குரிய கூறு ஒன்று இக்கதைகளில் உள்ளது. மாந்தருட் பலர் தம்முள் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசிக்கொள்பவர்கள். வாசகர் கையில் இருப்பதோ தமிழ் உரையாடல். அதாவது தமிழ் மூலமே ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பாகும். அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பைச் செய்கிறார். எந்த உரையாடல் எம்மொழியில் நிகழ்ந்தது என்னும் குறிப்பைக் காப்பதா, விடுவதா என்னும் வினாவுக்கு அவர் பத்திதோறும் விடை கூறவேண்டியவராகிறார். பன்மொழி நகரைத் தமிழில் எழுதுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. அம்பை பெரும்பாலும் ஒழுங்கான உரைநடைத் தமிழைத் தேர்ந்து அதனைத் தீர்க்கிறார். அத்தீர்வு வாசிப்புக்கு எளிமை தருகிறது. கலப்பு மொழியின் ஒலியை இழக்கிறது.

6. காலா: பழங்காதலும் புதுக்குரலும்

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) 'நாயகன்' விட்டுச்சென்ற படிமத்தோடு நேரடியாக உரையாடும் படம். அதன் கதைப்பின்னலில் நினைவேக்கம் ஒரு பாத்திரமாகவே வருகிறது. காலாவின் முன்னாள் காதலி சரீனா தாராவிக்குத் திரும்புகிறார். அவருடன் குடியிருப்பை மாற்றியமைக்கும் திட்டமும் வருகிறது. இளமைக்கால ஏக்கமும் எதிர்கால மாற்றமும் ஒரே ஆளின் வடிவில் நாயகனைச் சோதிக்கின்றன. கடந்தகாலம் எப்போதும் காப்பதற்கு வருவதில்லை, இடிப்பதற்கும் வரக்கூடும் என்னும் கூர்மையான பார்வை இவ்வமைப்பில் அடங்கியுள்ளது.

மொழி வகையில் இப்படம் 'நாயக'னை விட இரு படிகள் முன்னேறுகிறது. காலாவின் மனைவி செல்வியின் பேச்சில் நெல்லை வழக்கு முழு ஆற்றலோடு ஒலிக்கிறது; ஊரைக் காணாத பிள்ளைகளின் வீட்டில் ஊர்மொழி தாயின் நாவில் வாழ்வதை அது உணர்த்துகிறது. மற்றொன்று தலைப்பு. கரிகாலன் என்னும் தமிழ்ப் பெயரின் குறுக்கமாகவும், கறுப்பு என்னும் பொருள்தரும் இந்திச் சொல்லாகவும் 'காலா' ஒருங்கே நிற்கிறது. இரு மொழிகளையும் ஒரே மூச்சில் பேசும் சமூகத்திலன்றி இச்சிலேடை பிறக்க இயலாது. இந்தி மட்டும் அறிந்தவருக்குக் கரிகாலன் மறைகிறான். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு நிறம் மறைகிறது.

ஆயினும் 'காலா'விலும் உரையாடலின் பெரும்பகுதி தமிழகப் பார்வையாளருக்கு உரிய தமிழே. மராத்தியரும் தமிழில் பேசுகின்றனர். தாராவி இளையோரின் உண்மையான மொழிக்கலப்பை நெருங்கிக் காட்டுவன, தாராவியைச் சேர்ந்த டோப்படெலிக்ஸ் என்னும் சொல்லிசைக் குழுவினரின் பங்களிப்பைப் பெற்ற பாடற்பகுதிகளாகும். இக்குழுவும் செவன் பண்டாய்ஸ் முதலிய பிற தாராவிக் குழுக்களும் இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றை ஒரே பாடலுக்குள் கையாள்கின்றன. பண்டாய் என்பது மும்பைத் தெருவழக்கில் தோழன் எனப் பொருள்படும் சொல். 2019இல் வெளிவந்த 'கல்லி பாய்' என்னும் இந்திப் படம் தாராவியின் சொல்லிசையை நாடறியச் செய்தது. ஆனால் அதில் தாராவியின் தமிழுக்கு இடம் மிகக் குறைவு. தமிழ்ப் படம் இந்தியைக் குறைக்கிறது, இந்திப் படம் தமிழை நீக்குகிறது. கலப்பு மொழி இரண்டு திரைகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

7. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

மும்பைத் தமிழர் பேச்சில் வேரூன்றிய சில சொற்கள் தமிழ் எழுத்தில் வரும்போது வேறு தமிழ்ச் சொற்களோடு மயங்குகின்றன. வரிசை அறைகள் கொண்ட பலமாடிக் குடியிருப்பைக் குறிக்கும் சால் என்பது, தமிழில் உழவின்போது ஏர் கீறும் தடத்தையும் நீர்ச்சாலையும் குறிக்கும். ஒற்றை அறை வீட்டைச் சுட்டும் கோலி, சிறுவர் விளையாடும் குண்டையும் சுட்டும். முன்பணம் கொடுத்து நெடுங்காலம் குடியிருக்கும் வாடகை முறையாகிய பகடி, தமிழில் கேலி ஆகிவிடுகிறது. இவற்றை அறை, வாடகை எனப் பெயர்த்துவிட்டால் மயக்கம் தீரும். ஆனால் அச்சொற்கள் சுமக்கும் குடியிருப்பு வரலாறும் உடன் நீங்கும். அவற்றை அப்படியே காத்து, முதல் வருகையில் தொடரின் சூழலாலேயே பொருள் விளங்கச் செய்வதே ஏற்ற வழியாகும்.

இதனினும் கடினமானது வழக்குகளின் அடுக்கைப் பெயர்த்தல். 'நாயகன்' 1988இல் 'தயாவான்' என இந்தியில் மீளாக்கம் பெற்றபோது, மும்பையில் தமிழன் அயலான் என்னும் நிலையின் அழுத்தம் பெரிதும் குறைந்தது. அயன்மை நீங்கியபின் கதை குற்றவுலகக் கதைகளுள் ஒன்றாகச் சுருங்கிற்று. மூலத்தின் பொருளில் ஒரு பகுதி எம்மொழி பேசப்படுகிறது என்பதில் மட்டுமன்றி, எம்மொழி சூழ்ந்த இடத்தில் அது பேசப்படுகிறது என்பதிலும் அடங்கும் என்பதை இம்மீளாக்கம் எதிர்மறையாக மெய்ப்பிக்கிறது.

மொழிபெயர்ப்பாளரும் நினைவேக்கத்திற்கு இரையாவதுண்டு. வட்டார வழக்கைப் பெயர்க்கையில் பழமையான நடையை அதற்கு ஈடாகத் தேர்வது அவ்வகையது. நெல்லை வழக்கில் பேசும் தாராவித் தாய் இன்றைய நகரத்துப் பெண். அவர் பேச்சைப் பழங்கதைக் கிழவியின் பேச்சாகப் பெயர்ப்பின் இடம் காலமாக மாற்றப்படுகிறது. அவர் தம் காலத்தவர் அல்லர் என வாசகர் கருத நேரிடுகிறது.

8. மொழியியலாரின் நினைவேக்கம்

இக்குறை படைப்பாளரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் மட்டுமே உள்ளது எனக் கருதுதல் பொருந்தாது. மரபான கிளைமொழியியல், இடம்பெயராத, வயது முதிர்ந்த, நாட்டுப்புற ஆடவரையே தகவலாளராகத் தேடியதைச் சேம்பர்சும் டிரட்கில்லும் 1980இல் சுட்டிக்காட்டினர். கலப்பற்ற பழைய வழக்கைத் தேடும் அம்முறையும் ஒருவகை நினைவேக்கமே. அவ்வளவைகளைக் கொண்டு நோக்கின் தாராவியின் இருபது வயது இளைஞன் எந்த ஆய்வுக்கும் தகுதியற்றவனாவான். லபோவ் 1960களில் நியூயார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து, வேறுபாடுகளிடையே ஒழுங்கு உண்டு என நிறுவிய பின்னரே நகரப் பேச்சு உரிய மதிப்பைப் பெற்றது.

மகாராட்டிரத்திலேயே இதற்கு வழிகாட்டும் ஆய்வு உண்டு. சாங்கிலி மாவட்டத்துக் குப்வார் என்னும் ஊரில் மராத்தி, உருது, கன்னடம் ஆகியன நெடுங்காலம் உடனுறைந்ததால், சொற்கள் வேறாக நிற்க இலக்கண அமைப்பு ஒன்றையொன்று நெருங்கியதைக் கம்பர்சும் வில்சனும் 1971இல் விளக்கினர். அங்கு வீட்டுமொழிகளின் தனித்தன்மை சொற்களால் காக்கப்பட்டது. தாராவிச் சொல்லிசையில் சொற்கள் தாராளமாகக் கலக்கின்றன. தொடரமைப்பு எம்மொழியினது என்பது ஆய்வுக்குரிய வினாவாக எஞ்சுகிறது. குப்வாரின் நிலைக்கு மாறான ஒரு நிலை இங்குக் கிடைக்குமாயின், மொழித்தொடர்பு பற்றிய கொள்கைக்கே அது பங்களிப்பாகும்.

தமிழ் இலக்கண மரபும் இதற்குத் தடையாக நிற்பதன்று. தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை நான்காகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடமளித்தது. செந்தமிழைச் சார்ந்த பன்னிரு நிலங்களின் சொற்கள் அதனுள் அடங்கின. பின்வந்த நன்னூல் தமிழ் வழங்காத பதினேழு நிலங்களின் சொற்களையும் அதனுள் சேர்த்தது. முன்னோர் வகுத்த பகுப்பைக் காத்துக்கொண்டே தம் காலத்து வழக்குக்கு ஏற்ப விரித்த செயல் இது. தஞ்சை மராத்தியர் ஆட்சியின் வழியே வந்த லாவணி இன்று தமிழ்க் கலைவடிவமாகவே எண்ணப்படுகிறது. அன்றைய கலப்பு இன்றைய மரபாகியுள்ளது.

அகராதித் துறையிலும் இவ்விரு நோக்குகளும் இணைந்து செயற்பட்டுள்ளன. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) மறையும் சொற்களைக் காக்கும் நோக்கிற் பிறந்தது. 1992இல் வெளிவந்து 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, நிகழ்கால எழுத்து வழக்கையே தன் அடிப்படையாகக் கொண்டது. மும்பைத் தமிழுக்கு வேண்டுவது இவ்விரண்டின் இணைப்பாகும். மூதாட்டியின் நெல்லைச் சொல்லும் பேரனின் கலப்புத் தொடரும் ஒரே தொகுப்பில், ஒரே வீட்டின் மொழியாக இடம்பெற வேண்டும்.

9. முடிவுரை

இவ்வேண்டுகோளுக்கு அவசரம் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் தேர்வு பெற்றது. 2023 சூலையில் மகாராட்டிர அரசு இறுதி ஒப்புதல் அளித்தது. 2000 சனவரி 1க்கு முன்னிருந்து வசிப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பதும், பிறர்க்கு வேறிடம் என்பதும் திட்டத்தின் அடிப்படை. சந்துகளைச் சுற்றி அமைந்த பேச்சுச் சமூகம் அடுக்குகளாகவும் தொலைவிடங்களாகவும் பிரியும்போது அதன் மொழியும் மாறும். மகாராட்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தியைக் கட்டாயமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டமும் அடுத்த தலைமுறையின் மொழித்திறனை வேறு திசையில் வளர்க்கும்.

இச்சூழலில் இரு தவறுகள் நேரக்கூடும். மறையப்போவது என்பதாலேயே தாராவியின் மொழியை அரும்பொருளாகப் பேழையில் வைப்பது ஒன்று. புதிய குடியிருப்பில் புதிய மொழி தானே தோன்றும் எனக் கூறி, இருப்பதைப் பதியாமல் விடுவது மற்றொன்று. முன்னது பேசுபவரைத் தம் கடந்தகாலத்தின் காவலராக்குகிறது. பின்னது அவர் பேச்சு பேச்சே அன்று என்கிறது.

மேலே மதிப்பிடப்பட்ட படைப்புகள் வேறொரு வழியைச் சுட்டுகின்றன. 'நாயகன்' தன் காலத்தை நோக்கியதால்தான் பிற்காலத்தின் ஏக்கத்திற்கு உரியதாயிற்று. நாஞ்சில் நாடன் ஊர்ச்சொல்லை ஊரின் துயரத்தோடு சேர்த்தே காத்தார். அம்பை நகரின் இன்றைய நாளை அலங்காரமின்றி எழுதினார். 'காலா' தாயின் வழக்கையும் இளையோரின் சொல்லிசையையும் ஒரே தெருவில் ஒலிக்கவிட்டது. நிகழ்காலத்தின் மீதான கூர்ந்த கவனமே நாளைய நினைவுக்கு நம்பத்தக்க மூலமாகிறது என்பதே இவற்றால் பெறப்படும் முடிவு. சொல்லிசைக் குழுவினர் தம் கைப்பேசியில் பதிந்து வெளியிடும் பாடல்கள், பேசுவோர் தாமே ஆக்கிய தரவுகளாகும். அவற்றைக் கேட்டு எழுதி, பகுத்து, பெயர்க்கும் பணி மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் நோக்கிக் காத்திருக்கிறது. தெருக்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பெறின், பின்னர் ஏக்கத்தைக் கொண்டு இட்டு நிரப்பவேண்டிய இடைவெளி குறையும்.